நுவரெலியாவில் நான் முடிக்காத ஓட்டம்

ஓட முடியாமல் நின்றுவிட்டவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேனில் இருக்கைகள் மெத்தென்று இருந்தன. அதுவே எனக்கு அவமானமாகப் பட்டது. தகரப் பெஞ்சு ஏதாவது போட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நுவரெலியாவில் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் அரை மாரத்தானில் பதினான்காவது கிலோமீட்டரைத் தாண்டி, தேயிலைச் சரிவின் ஒரு வளைவில் நான் நொண்டிக்கொண்டிருந்தேன். வேன் பக்கத்தில் வந்து நின்றது. கையில் கொடியோடு ஒரு இளைஞர் இறங்கினார்.

“மேடம், டைம் முடிஞ்சிருச்சு. ஏறிக்குங்க.”

“நடந்தே வந்துடறேன் தம்பி.”

“ரோட்டத் தொறக்கணும் மேடம். பஸ்ஸெல்லாம் நிப்பாட்டி வச்சிருக்காங்க.”

எனக்காக ஒரு மலைப்பாதையே மூடிக் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு வாதாட முடியவில்லை. ஏறிக்கொண்டேன்.

நான் திருச்சிக்காரி. தபால் அலுவலகத்தில் கவுன்டரில் உட்காரும் வேலை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், காவேரிக் கரையில் காலையில் ஓடும் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் வாரம் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைதான் ஓட முடிந்தது. சென்ற ஆண்டு ஊரிலேயே ஒரு அரை மாரத்தானை முடித்து மெடலோடு வந்தேன். அந்தத் தெம்பில்தான் எங்கள் குழுவில் ஐந்து பேர் இலங்கைக்குக் கிளம்பினோம். என் கணவர் பாஸ்கர் தெருமுனையில் ஃப்ளெக்ஸே வைத்துவிட்டார். ‘கடல் கடந்து ஓடும் எங்கள் தெருவின் தங்கமே’ என்று என் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. படத்தில் எனக்கு என்னைவிட நல்ல நிறம்.

திருச்சியில் விடியும் முன்பே முதுகு நனைந்துவிடும். இங்கே சட்டையில் எண் தாளைக் குத்த ஊக்கைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை. வாயைத் திறந்தால் புகை. பயத்தில் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. ஓட்டம் தொடங்கியதும் ஏரியைச் சுற்றிப் பாதை இறக்கமாகப் போனது. எங்கள் குழுவை நடத்தும் சேகர் அண்ணனும் என் தோழி வனஜாவும் முன்னால் போனார்கள். அவர்கள் முதுகை விடக் கூடாது என்று நானும் பறந்தேன். பிறகு ஏற்றம் வந்தது. உயரத்தில் காற்று குறைவு என்று படித்திருந்தேன். அது எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் நெஞ்சுக்குத் தெரிந்தது. ஒன்பதாவது கிலோமீட்டரில் மூச்சு போனது. பன்னிரண்டில் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. அதன்பிறகு என்னைத் தாண்டிப் போனவர்களின் முதுகுகள்தான் நினைவிருக்கின்றன.

வேனில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிவிட்டு மாலுபாண் தின்றுகொண்டிருந்தாள். மீனை வைத்துச் சுட்ட முக்கோண பன் அது. என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள்.

“உங்களுக்கும் கால் புடிச்சிருச்சா அக்கா?” என்று கேட்டுப் பாதியைப் பிய்த்து நீட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பேச்சு அப்படியே எங்கள் பக்கத்துப் பேச்சு. இலங்கைத் தமிழ் என்றால் தொலைக்காட்சியில் கேட்கும் யாழ்ப்பாணத் தமிழ்தான் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்நிய ஊர் என்பதால் தாங்கிக்கொண்டிருந்த அழுகை, லால்குடிப் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்கிற மாதிரியான அந்தக் குரலில் உடைந்துவிட்டது.

அவள் பெயர் ஜெசிந்தா. டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். அவளுக்கும் இதுதான் முதல் பெரிய ஓட்டம். பதின்மூன்றாவது கிலோமீட்டரில் அவளை ஏற்றியிருந்தார்கள்.

“இந்த ஊர்க்காரங்களுக்கே முடியலன்னா நான் எம்மாத்திரம்” என்றேன், எனக்கு நானே ஆறுதலாக.

“இந்த ஊர்னா? நாங்க மலையில நடப்போம் அக்கா. யாரு ஓடுறா?”

சிரித்தவள் திடீரென்று சன்னல் பக்கம் திரும்பினாள். “பதினேழாவது கிலோமீட்டர்ல ஃபேக்டரி முக்குல எங்க ஸ்கூல் பிள்ளைங்க நிக்கிதுங்க. வேன் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. என்னையப் பாக்கிறதுக்குன்னே.”

நானாக இருந்தால் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டிருப்பேன்.

தேயிலைத் தொழிற்சாலை தெரிந்தது. ரோட்டோரம் இருபது பிள்ளைகள் போல நின்றார்கள். எல்லோரும் வெள்ளைச் சீருடை. அட்டையில் ‘எங்கள் ஜெசிந்தா டீச்சர்’ என்று வண்ணத்தில் எழுதித் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதையையே பார்த்துக்கொண்டிருந்த அவர்கள் வேனைக் கவனிக்கவில்லை. ஜெசிந்தா ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். வேன் நின்றது. நரைத்த மீசைக்காரரான அவர் திரும்பி ஒரு வாக்கியம் சொன்னார். அதைப் பிறகுதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்: “பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டிவிட்டு வா மகளே. நான் காத்திருக்கிறேன்.”

காலில் செருப்புகூட இல்லாமல் இறங்கிப் போனாள். அட்டை மெல்லக் கீழே இறங்கியது.

“டீச்சர் செகண்டா?” என்றது ஒரு வாண்டு.

“இல்ல. முடிக்கவே இல்ல. கால் புடிச்சிருச்சு. ரொம்ப வேகமாப் போயிட்டேன், அப்பறம் முடியல.”

பின்வரிசையிலிருந்து இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி ஒரு டப்பாவோடு முன்னால் வந்தாள். “அப்ப பசிக்குமே டீச்சர்” என்று திறந்தாள். உள்ளே தேங்காய் ரொட்டியும் துவையல் போன்ற சம்பலும். டீச்சர் ஓடிக்கொண்டே சாப்பிடுவதற்காகக் கொண்டுவந்ததாம். ஜெசிந்தா ரோட்டில் நின்றபடியே ஒரு ரொட்டியைத் தின்று முடித்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு வேனிலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்தபோது என் கையில் ஒரு ரொட்டியை வைத்தாள். சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருந்தார்கள். அத்தனை உறைப்பு. கண்ணீருக்கு நல்ல சாக்கு.

முடியும் இடத்தில் எங்கள் ஆட்கள் மெடல் போட்டுக்கொண்டு நின்றார்கள். சேகர் அண்ணன் என் முதுகைத் தட்டி, “உடம்புதாம்மா முக்கியம்” என்றார். வனஜா தன் மெடலைக் கழற்றி என் கழுத்தில் போட வந்தாள். “ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோடி. வீட்ல காட்டுறதுக்கு.” அவள் அன்பாகத்தான் செய்தாள். நான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். பாஸ்கரிடமிருந்து ‘முடிச்சாச்சா?’ என்று செய்தி வந்திருந்தது. சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று பதில் போட்டுவிட்டு ஃபோனை அணைத்தேன்.

அன்று மதியமே எல்லோரும் கண்டிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மெடல் போட்ட நால்வரோடு கோயில் கோயிலாகச் சுற்றுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கால் வலிக்கிறது, இரண்டு நாள் இங்கேயே தங்கிவிட்டு ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றேன். தண்ணீர்க் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தா இதைக் கேட்டுவிட்டாள்.

“ஹோட்டல்ல தனியா என்னா செய்வீங்க அக்கா? எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா மட்டுந்தான் இருக்காங்க.”

காலையில் பார்த்த பெண்ணின் வீட்டுக்கு மாலையில் விருந்தாளியாகப் போவதா? திருச்சியில் மூன்று வருடமாகத் தெரிந்தவர்கள் வீட்டுக்கே நான் போனதில்லை. ஆனால் சரி என்று வாய் சொல்லிவிட்டது. வனஜா ஜெசிந்தாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தலவாக்கலையில் பஸ் மாறினோம். உள்ளே வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் மூட்டைகள், பள்ளிப் பைகள், ஒரு கோழிக்கூடை. நடத்துநர் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தார். “உள்ளே பெரிய மைதானம் மாதிரி இடம் கிடக்கிறது, வாசலில் நின்று என்ன பார்க்கிறீர்கள்” என்று சொல்வதாக ஜெசிந்தா சொன்னாள். திருச்சி நடத்துநரும் இதையேதான் சொல்வார். மைதானம் என்ற உவமைகூட மாறாது.

லிந்துலை தாண்டி ஏற்றத்தில் டயர் வெடித்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். தூறல் வேறு. அப்போதுதான் தெரிந்தது, என் தொடைகள் படியிறங்க மறுக்கின்றன. ஓடி முடித்தவர்களுக்கு மறுநாள் வரும் வலி எங்களுக்கு அன்றே வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக, குழந்தை கட்டிலிலிருந்து இறங்குவதுபோல இறங்கினேன். எனக்குப் பின்னால் ஜெசிந்தாவும் அப்படியே இறங்கினாள். லீக்ஸ் மூட்டைக்காரப் பெண் எங்களைக் கவலையோடு பார்த்தார்.

“என்னாங்க ரெண்டு பேருக்கும்? எங்கயாச்சும் விழுந்துட்டீங்களா?”

“இல்லீங்க. ஓடுனோம்” என்றாள் ஜெசிந்தா.

“ஐயையோ. யாரு தொரத்துனா?”

அவ்வளவுதான். நாங்கள் இருவரும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, மழையில் நனைந்துகொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பெண் தன் குடையை எங்கள் தலைக்கு மேல் பிடித்தார். டயர் மாற்றி முடிக்கும்வரை அவரும் காரணம் தெரியாமலே கூடச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவின் வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொஞ்சம் மேலே, தனியாகக் கட்டிய இரண்டு அறை வீடு. சுவரில் மாதா படம், அதன் முன்னே சின்ன சிவப்பு பல்பு. அவள் அம்மா மேரி இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். மகள் ஜெயித்தாளா என்று அவர் கேட்கவில்லை. இருவர் நடையையும் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, அடுப்பில் சுடுதண்ணீர் வைத்தார்.

பால் இல்லாத பிளேன்டீ கொடுத்து, கையில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொடுத்தார். சர்க்கரைக்குப் பயந்து வீட்டில் நான் இனிப்பையே தள்ளிவைத்திருந்தேன். அன்று கடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துத் தைலம் தேய்க்கத் தொடங்கிவிட்டார். நான் பதறிப்போய் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

“சும்மா இருங்கம்மா. கால் என்னா, அன்னிய ஆள் காலா? எங்க பாட்டன் காலத்து ஆளுங்களும் முசிறிப் பக்கம்தான்னு சொல்வாங்க.”

“முசிறி எங்களுக்குப் பக்கந்தாம்மா.”

“நல்லாருக்கா முசிறி?”

“நான் போயே ரொம்ப நாளாச்சு” என்று உண்மையைச் சொன்னேன். “பஸ்ல தாண்டிப் போறதோட சரி.”

“நான் அதுகூடப் பாத்ததில்ல” என்றார் சாதாரணமாக. அடுத்த காலை எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன் செபமாலை சொன்னார்கள். எனக்குத் தெரியாத செபம். கை கூப்பி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மேரி தன் வேண்டுதல்களை வாய்விட்டுச் சொன்னார். மழைக்கு மண் சரியாமல் இருக்க வேண்டும், கொழும்பில் வேலை செய்யும் மகன் நன்றாக இருக்க வேண்டும். அதே குரலில், “இந்தியாவுல இருந்து வந்த மகளோட காலு நல்லாகணும்” என்றார். எனக்காக ஓட்டத்துக்கு முன்னால் பலர் வேண்டிக்கொண்டார்கள். சமயபுரத்தில் ஒருத்தர் விளக்குகூடப் போட்டார். ஓட்டம் முடிந்த பிறகு யாராவது வேண்டிக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை.

பருப்பும் கீரையும் சோறும் சாப்பிட்டுவிட்டு, அடுப்பு ஓரம் கால் நீட்டி உட்கார்ந்தபோது ஜெசிந்தா கேட்டாள். “அக்கா, நீங்க யாரு கூட ஓடுனீங்க?”

“எங்க குரூப்போட.”

“அவங்க உங்களவிட வேகமா?”

“ஆமா. எப்பவுமே.”

“அப்ப ஏன் அவங்க கூட ஓடுனீங்க?”

ஊரில் சமதரையில் நான் எனக்கான வேகத்தில்தான் ஓடுவேன். இங்கே எல்லோருக்கும் கடைசியாக வந்துவிடக் கூடாது என்ற பயம். முந்தின நாள் மாலைதான் மலை ஏறி வந்தோம், உடம்புக்கு இந்தக் காற்று பழக ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. சாப்பிடவுமில்லை. இதையெல்லாம் சேகர் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தலையை ஆட்டியிருந்தேன்.

“நான் யாரு கூட ஓடுனேன் தெரியுமா?” என்றாள் ஜெசிந்தா. “ஃபேக்டரி முக்குல நிக்கிற பிள்ளைங்க கூட. பிள்ளைங்க குளிர்ல நிக்கிதே, சீக்கிரமாப் போயிறணும், சீக்கிரமாப் போயிறணும்னு. இதுக்கு முன்ன பன்னண்டு கிலோமீட்டருக்கு மேல நான் ஓடுனதே இல்ல அக்கா. பன்னண்டு வரைக்கும்தான் வந்துச்சு காலு.” ஒரு விறகை உள்ளே தள்ளினாள். “நாளைக்கு ஸ்கூல்ல அசெம்பிளி. அதிபர் என்னையப் பேசச் சொல்லுவாரு. பயமா இருக்கு.”

ரோட்டில் அத்தனை தைரியமாக இறங்கிப் போனவளா இவள்?

“வேன்லருந்து இறங்குறப்ப பயமா இல்லையா?”

“இறங்கலன்னா இன்னும் பயம். அதுங்க அங்கயே நின்னுக்கிட்டு இருந்திருக்குமே.”

மறுநாள் காலை நானும் பாடசாலைக்குப் போனேன். தகரக் கூரைக் கட்டடம், சுற்றிலும் தேயிலை, முற்றத்தில் பனி. அதிபர் என்று அவர்கள் சொல்லும் தலைமையாசிரியர் மெலிந்த மனிதர், கம்பளிச் சட்டைக்கு மேல் டை கட்டியிருந்தார். பந்தயத்தில் கலந்துகொண்ட ஜெசிந்தா டீச்சர் பேசுவார் என்றார். ஜெசிந்தா முன்னால் போய் நின்றாள். வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசியே பழகியவள், மேடையில் பேசியதில்லை. பிள்ளைகள் எதிரே போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

“நான் திருச்சியிலேர்ந்து வர்றேன். நானும் உங்க டீச்சர் மாதிரி நேத்து ஓடுனேன். நானும் முடிக்கல. எங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

ஒரு சிரிப்பலை. ரொட்டி டப்பா கொண்டுவந்த இரட்டைச் சடை கையைத் தூக்கினாள். “அழுதீங்களா?”

“அழுதேன்.”

“எங்க?”

“வேன்ல. உங்க சம்பல் உறைப்பா இருந்துச்சு, அதனாலன்னு சொல்லிக்கிட்டேன்.”

முற்றம் முழுக்கச் சிரித்தது. அதிபரும் டையைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். இன்னொரு சிறுமி கேட்டாள்: “அப்ப இனிமே ஓட மாட்டீங்களா?”

இல்லை என்று முந்தின இரவு முடிவுசெய்திருந்தேன். “ஏரியச் சுத்தி ஓடும்போது தண்ணி மேல பனி போயிக்கிட்டு இருந்துச்சு” என்றேன். “ஒரு வீட்டு வாசல்ல யாரோ கை தட்டுனாங்க. அதுவரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அத மறந்தே போயிட்டேன். ஓடுவேன்.”

பக்கத்தில் ஜெசிந்தாவுக்குக் குரல் வந்துவிட்டது. எங்கே தவறினாள், எப்படி மெதுவாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கரும்பலகை இல்லாமலே ஒரு பாடம் நடத்தினாள். அவள் பேசி முடித்ததும் கைதட்டல் நெடுநேரம் கேட்டது.

நான் கட்டடத்துக்குப் பின்னால் போய், சிக்னல் கிடைக்கும் கல்லின் மேல் ஏறி நின்று பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

“முடிக்கலங்க. பாதியில வேன்ல ஏத்திட்டாங்க.”

“கால் எப்டி இருக்கு?”

“படி இறங்கத்தான் முடியல.”

“சாப்பிட்டியா?”

“ரொட்டி, சம்பல். நல்லா இருந்துச்சு.”

“அந்த ஃப்ளெக்ஸக் கழட்டிடறேன். நீ வர்றதுக்குள்ள.”

“இருக்கட்டும்ங்க. ஓடுனேன்ல?”

அவர் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார். கேட்காமலே சொன்னார்.

மூன்றாம் நாள் காலை, ரயிலுக்குக் கிளம்பும் முன், “சும்மா மேல வரைக்கும் போயிட்டு வருவோமா அக்கா?” என்று ஜெசிந்தா கேட்டாள். தொடை இளகியிருந்தது. தோட்டத்து ரோட்டில் ஓடத் தொடங்கினோம். மேரியும் மற்ற பெண்களும் கூடைகளோடு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தை அங்கே பெரட்டு என்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டுக் கிண்டல் செய்தார்கள்.

முதல் திருப்பத்தில் ஜெசிந்தா முன்னால் போய்விட்டாள். அவள் முதுகு தேயிலைக்கு நடுவே மேலே மேலே சிறுத்தது. என் கால் அவளைப் பிடிக்கத் துடித்தது. விடவில்லை. மூச்சு இரைத்த இடத்தில் நடந்தேன். எதிரே பால் கேனோடு வந்தவர் “எங்கங்க, மேலயா?” என்றார். “ஆமாங்க, மேல” என்று நின்று பதில் சொன்னேன். ஒரு வளைவில் கீழே லயத்துக் கூரைகளிலிருந்து புகை எழுவது தெரிந்தது. பார்த்தேன். மூச்சு திரும்பியதும் கொஞ்சம் ஓடினேன். மறுபடி நடந்தேன்.

உச்சியில் ஒரு மதகுச் சுவரின் மேல் உட்கார்ந்து ஜெசிந்தா காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாக உட்கார்ந்திருப்பாள் போல, வியர்வை காய்ந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

“வந்துட்டீங்களா அக்கா?”

“வந்துட்டேன்” என்றேன்.